கொப்புளத்தை விலைக்கு வாங்கியவர்கள்

யானை ஆண்டின் கதையை நாமெல்லாரும் சிறுவயதிலேயே ஓதப்பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள். அப்ரஹாவின் படை, அபாபீல் பறவைகள், பொடிக்கற்கள். இப்னு ஹிஷாம் வழியாக நமக்குக் கிடைத்த ஸீராவில் அந்தச் சம்பவத்தை ஒட்டிச் சின்னத் தகவல் ஒன்றும் பதிவாகியிருக்கிறது: அரபு மண்ணில் ஜுதரீயும் ஹஸ்பாவும் முதன்முதல் காணப்பட்டது அந்த ஆண்டில்தான் என்பது அது. ஜுதரீ என்றால் பெரியம்மை. ஹஸ்பா என்றால் நாம் சின்னமுத்து என்று சொல்வது. இரண்டு வருத்தங்களையும் சோடி சேர்த்தே பேசியிருக்கிறார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உடம்பில் எதுவோ கிளம்புகிறது, காய்ச்சல் அடிக்கிறது, பிள்ளை பிழைக்கிறது அல்லது மௌத்தாகிறது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே குடும்பத்து நோய்.

அந்தச் சோடியைப் பிரித்து எழுதியவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ஈரானின் ரய் நகரத்தவர். பக்தாதின் மருத்துவமனையில் பணியாற்றியவர். கி.பி. 925 அளவில் மறைந்தார். ஜுதரீயையும் ஹஸ்பாவையும் பற்றி அவர் எழுதிய சிறு நூல் பின்னாளில் இலத்தீனுக்குப் போயிற்று. 1848இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. முதுகுவலி, மூக்கில் அரிப்பு, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுதல் ஆகியவை கண்டால் ஜுதரீ வரப்போகிறது என்று எதிர்பார்க்கச் சொன்னார். முதுகுவலி குறைந்து, குமட்டலும் பதற்றமும் மிகுந்திருந்தால் ஹஸ்பா. காரணம் சொல்லும்போது அவர் தம் காலத்து மனிதர்தான். பிள்ளையின் இரத்தம் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு மாதிரி, அது நொதித்துப் பொங்கி அடங்குவதே ஜுதரீ, அதனால்தான் அநேகமாக எந்தப் பிள்ளையும் அதற்குத் தப்புவதில்லை என்று விளக்கினார். விளக்கம் பிழைத்துப் போயிற்று. ஆனால் அவர் கேட்ட கேள்வி பிழைக்கவில்லை. உடம்பில் கிளம்பியிருப்பது எது? அது எதனால் கிளம்பியது? இன்றைக்கும் எம்.ஓ.எச். ஒபீஸ் வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் உம்மாமார் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

கொப்புளிப்பான் ராஸீயின் பட்டியலில் தனி நோயாக இல்லை. அது மிக நீண்ட காலம் பெரியம்மையின் இளைத்த தம்பியாகவே எண்ணப்பட்டது. இன்றைய அரபியிலும் அதற்குப் பெயர் 'நீர் ஜுதரீ' என்பதே. நம்முடைய தமிழில் தமிழகத்தார் 'நீர்க்கொளுவான்' என்று சொல்வதும் அதே பார்வைதான். கொப்புளத்துக்குள் தெளிந்த நீர். பாரசீகத்தில் அதைப் பறவைகளின் அம்மை என்ற பொருளில் அழைப்பார்கள். ஆங்கிலத்தில் கோழி. தமிழ் படித்தவனுக்கு இப்படிப்பட்ட இடங்களில் கால் நின்றுவிடுகிறது, மன்னிக்கவும். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1767இல்தான் கொப்புளிப்பானும் பெரியம்மையும் வேறு வேறு, ஒன்று வந்தால் மற்றதிலிருந்து பாதுகாப்பு இல்லை என்று தெளிவாகச் சொன்னார்.

*

தடுப்பூசி போட்ட பிறகு பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது கிளம்பினால் இன்று நாம் பதறுகிறோம். நம் முன்னோருக்கு நிலைமை நேர் எதிர். கிளம்பாவிட்டால்தான் பதற்றம்.

அலெப்போ நகரில் மருத்துவராக இருந்த பெட்ரிக் ரஸல் 1768இல் இலண்டனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இதற்குச் சாட்சி. அரபு பதவிகளிடையே 'ஜுதரீ வாங்குதல்' என்றொரு வழக்கம் இருந்தது. ஊரில் யாராவது ஒரு பிள்ளைக்கு இலேசான அம்மை கண்டால், அம்மை வராத இன்னொரு பிள்ளையைக் கையில் கொஞ்சம் முந்திரிகைவத்தலோ, பேரீச்சம்பழமோ, இனிப்போ கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். எத்தனை கொப்புளம் வேண்டும் என்று பேரம் நடக்கும். விலை கொடுத்ததும் கொப்புளத்து நீரில் தோய்த்த ஊசியால் வாங்க வந்த பிள்ளையின் கையில் குத்துவார்கள். இலேசான அம்மை ஒன்று வந்து போகும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் பயமில்லை. மருத்துவர் இல்லை, அரசாங்கம் இல்லை, வைத்தியசாலை இல்லை. பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த வித்தை இது. இலண்டனில் இருந்த திரிப்போலித் தூதர் காசிம் ஆகாவும் 1720களின் இறுதியில், தம் நாட்டிலும் தூனிஸ், அல்ஜீரியாப் பக்கங்களிலும் இது பழைய வழக்கம் என்று தெரிவித்திருக்கிறார்.

மேற்கு நாட்டு நூல்களில் இந்தக் கதை பெரும்பாலும் லேடி மேரி மொன்டகு என்ற பிரித்தானியத் தூதரின் மனைவியிலிருந்து தொடங்கும். அவர் 1717இல் எதிர்னே நகரிலிருந்து எழுதிய கடிதம் பிரபலமானது. 1718இல் இஸ்தான்புலில் தம் மகனுக்கும், 1721இல் இலண்டனில் மகளுக்கும் அம்மை குத்துவித்தார். அவருடைய துணிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மகனின் கையில் ஊசியைப் பிடித்தவள் ஒரு கிரேக்கக் கிழவி. அவளுடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இது ஆபத்தில்லாத வித்தையும் அல்ல. குத்தியது உண்மையான பெரியம்மை. நூற்றுக்கு இரண்டொரு பிள்ளை அதனாலேயே மௌத்தாகும். மற்றவர்களுக்கும் அது தொற்றும். இயல்பாக வரும் பெரியம்மையில் சாவு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் என்பதால்தான் பெற்றோர் துணிந்தார்கள். எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14இல் ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்குப் பசு அம்மையின் நீரைக் குத்தியபோது மாறியது இந்தக் கணக்குத்தான். சாவும் தொற்றும் பெருமளவு போயின. ஆனால் கொப்புளம் போகவில்லை. குத்திய இடத்தில் ஒரு கொப்புளம் எழும்பி, சீழ் பிடித்து, பொருக்குக் கட்டி விழ வேண்டும். அது நடந்தால் 'பிடித்துவிட்டது'. நடக்காவிட்டால் திரும்பவும் குத்த வேண்டும்.

பசு அம்மைப்பால் நம் பக்கத்துக்கு வந்த வழி முஸ்லிம் நாடுகளின் ஊடாகத்தான். வியன்னாவிலிருந்து இஸ்தான்புல், அங்கிருந்து பக்தாத், பஸ்ரா, பிறகு கப்பலில் பம்பாய். 1802 ஜூன் 14இல் பம்பாயில் ஆனா டஸ்தால் என்ற மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பிடித்தது. அந்தப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்த நீர் அடுத்த பிள்ளைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலி நீண்டது. அதே ஆண்டிலேயே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அப்போது ஃபிரெட்ரிக் நோர்த் ஆளுநர். இங்கே மருத்துவப் பொறுப்பில் இருந்த தோமஸ் கிறிஸ்டி, இலங்கையில் பெரியம்மை செய்த நாசத்தையும் பசு அம்மைப்பால் புகுந்த கதையையும் 1811இல் நூலாகவே வெளியிட்டார்.

சங்கிலி என்று சொல்வது இலேசு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். மருந்தைச் சுமந்த பாத்திரம் பிள்ளைகளின் உடம்பு. 1803இல் ஸ்பெயின் அரசர் அமெரிக்கக் கண்டத்துக்கு அம்மைப்பால் அனுப்பியபோது கப்பலில் ஏற்றியது இருபத்திரண்டு அனாதைப் பையன்களை. ஒருவன் கொப்புளம் ஆறுவதற்கு முன் அடுத்தவனுக்குக் குத்தி, கடலைக் கடந்தார்கள். பெற்றவர் யாரும் கேட்க முடியாத பிள்ளைகள் என்பதால்தான் அது இவ்வளவு சுலபமாக நடந்தது என்று எனக்குப் படுகிறது.

கேட்க உம்மா இருந்த இடங்களில் கேள்வி எழுந்தது. 'எண்ட புள்ளைட கையக் கீறி நீர் எடுக்கிறெண்டா என்ன அர்த்தம்?' என்று ஒரு தாய் கேட்டால் அது அறியாமை அல்ல. இத்தாலியின் ரிவால்ட்டா என்ற ஊரில் 1861இல் ஒரு பிள்ளையின் கையிலிருந்து எடுத்த நீரால் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிரந்தி நோய் பரவியது. தடுப்பு மருந்தால் வந்த உண்மையான கேடு அது. கைக்குக் கை குத்தும் முறையைக் கைவிட்டுக் கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்த அம்மைப்பாலுக்கு மாறியதற்கு இப்படிப்பட்ட சம்பவங்களே காரணம். இங்கிலாந்தில் கைக்குக் கை முறை 1898இல் தடை செய்யப்பட்டது. தாய்மாரின் முறைப்பாடு இல்லாவிட்டால் இது இன்னும் தாமதித்திருக்கும்.

எகிப்தில் கதை வேறு மாதிரி. முஹம்மத் அலீ பாஷாவின் ஆட்சியில் அம்மை குத்த ஆட்கள் கிராமங்களுக்குப் போனபோது, கையில் போடும் தழும்பு பிள்ளையைப் பிற்காலத்தில் பட்டாளத்துக்குப் பிடித்துப் போக இடும் அடையாளம் என்று மக்கள் பயந்தார்கள். பட்டாளத்துக்கு ஆள் பிடித்ததும் அதே அரசாங்கந்தான் என்பதை நினைத்தால், பயம் எங்கேயிருந்து வந்தது என்று விளங்கும். 1832இல் கெய்ரோவில் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பாடசாலை தொடங்கினார்கள். அங்கே படித்து வெளியேறிய ஹகீமாக்கள் பிரசவமும் பார்த்தார்கள், அம்மையும் குத்தினார்கள். பெண்கள் பகுதிக்குள் அவர்களால்தான் போக முடிந்தது. நம்முடைய கிராமங்களில் குடும்பநல மாது வீட்டுக்குள் குசினி வரைக்கும் போய்க் கதைப்பதை நினைக்கும்போது எனக்கு இந்த ஹகீமாக்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இலங்கையில் 1886ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அம்மைப்பாலைக் கட்டாயமாக்கியது. எங்கட மூத்தம்மாவின் மேற்கையில் அதன் தழும்பு இருந்தது. தேங்காய்ப்பூக் கீரல் மாதிரிச் சுருங்கிய வட்டம். சிறுவயதில் அதைத் தடவிப் பார்த்து, 'இது என்ன?' என்று கேட்டால், 'அம்ம குத்தின. நல்லாப் புடிச்ச' என்பார். அந்த 'நல்லாப் புடிச்ச'வில் ஒரு பெருமை இருக்கும். இப்போது பிறந்த பிள்ளைக்குப் போடும் பீ.சீ.ஜீ. ஊசியிலும் அந்தப் பழைய கணக்கின் மிச்சம் இருக்கிறது. தழும்பு விழாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பவும் போடச் சொல்வார்கள்.

*

1977 ஒக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகர வைத்தியசாலையில் சமையல் வேலை செய்த அலீ மாவ் மஆலின் என்ற இளைஞருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மலேரியா என்றார்கள். பிறகு உடம்பில் கிளம்பியதும் கொப்புளிப்பான் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். உண்மையில் அது பெரியம்மை. பெரியம்மை கண்ட இரண்டு பிள்ளைகளை ஏற்றிவந்த வாகனத்துக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் கூடப் போனதில் அவருக்குத் தொற்றியது. ஊசி நோகும் என்று பயந்து தான் அதைப் போடாமல் விட்டதாக அவரே பிறகு சொன்னார். உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவர். அதன் கொடிய வகை இயற்கையாகக் கண்ட கடைசி நோயாளி, 1975இல் பங்களாதேசின் போலா தீவில் இருந்த ரஹீமா பானு என்ற சின்னப் பிள்ளை. இருவரும் பிழைத்தார்கள். 1980 மே 8இல் உலக சுகாதார சபை பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது.

ராஸீக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், வைத்தியசாலைக்கு உள்ளேயே, எது எந்த அம்மை என்பதில் தடுமாற்றம் வந்திருக்கிறது. மஆலின் விஷயத்தில் கைதேர்ந்தவர்கள் பார்த்திருந்தால் பிரித்திருக்கலாம். பெரியம்மைக் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் அதிகம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும், எல்லாம் ஒரே பருவத்தில் நிற்கும். கொப்புளிப்பான் நெஞ்சு, முதுகுப் பக்கம் அதிகம். ஒரே நேரத்தில் புதுச் சிவப்பு, நீர்க்கொப்புளம், பொருக்கு எல்லாம் கலந்து கிடக்கும்.

கொப்புளிப்பானைப் பற்றிய ஆராய்ச்சி பின்தங்கியதற்குக் காரணம், அதை யாரும் பெரிதாக எண்ணாததுதான். 'வந்தா வந்து போகும்' என்ற வருத்தம். அப்படி எண்ணாதவராக மாறிய ஒருவர் மிச்சியாக்கி தகஹாஷி என்ற ஜப்பானியர். 1964இல் அவர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆய்வாளராக இருந்தபோது அவருடைய மூன்று வயது மகனுக்குக் கொப்புளிப்பான் வந்து மோசமாகியது. காய்ச்சல் ஏறி, மூச்சு விடவே பிள்ளை சிரமப்பட்டது. தகப்பனும் தாயும் இரவு பகலாக விழித்திருந்தார்கள். பிள்ளை பிழைத்தது. தகப்பன் ஒசாக்காவுக்குத் திரும்பி இதற்கொரு தடுப்பு மருந்து காண முனைந்தார். ஓக்கா என்ற குடும்பப் பெயருள்ள ஒரு ஜப்பானியப் பிள்ளையின் கொப்புளத்து நீரிலிருந்து வைரஸை எடுத்து, மனித உயிரணுக்களிலும் பிறகு கினிப்பன்றி உயிரணுக்களிலும் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்தார். 1974இல் முடிவுகளை வெளியிட்டார். வைத்தியசாலை வார்டுக்குள் பிள்ளைகளிடையே கொப்புளிப்பான் பரவாமல் தடுத்ததே அந்த முதல் அறிக்கையின் விஷயம். ஜப்பான் 1986இலும் அமெரிக்கா 1995இலும் அந்த மருந்தை அனுமதித்தன. ஓக்கா வைரஸ் இன்று உலகமெங்கும் போகிறது. பதவிப் பிள்ளை பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கியதும் இன்னொரு பிள்ளையின் கொப்புளத்து நீரைத்தான் என்பது நினைவுக்கு வராமல் போகாது.

இலங்கையில் இந்த ஊசி அரசாங்க அட்டவணையில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துப் போடுகிறவர்கள் போடுகிறார்கள். அதனாலேயே பேச்சும் வருகிறது: 'காசும் குடுத்து வருத்தத்தையும் வாங்கின மாதிரி போச்சு சேர். ஊசி போட்டுத்தான் புள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்த.' பாடசாலையில் இதை ஒரு தடவையல்ல, பல தடவை கேட்டிருக்கிறேன். இதைச் சொல்கிற உம்மாவைப் பார்த்துச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஏனென்றால் அவர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை.

ஊசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைந்த வைரஸ். அமெரிக்காவில் செய்த சோதனைகளில், முதல் ஊசி பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு ஊசி போட்ட இடத்தில் இரண்டொரு கொப்புளம் வந்தது. ஏறத்தாழ அதே அளவினருக்கு உடம்பில் ஐந்தாறு கொப்புளம் கிளம்பியது. போட்ட ஐந்தாம் நாளிலிருந்து இருபத்தாறாம் நாள் வரைக்குள். இயல்பாக வரும் கொப்புளிப்பானில் இருநூற்றைம்பதிலிருந்து ஐந்நூறு வரை கொப்புளங்கள் எழும்பும். ஆகவே எண்ணிப் பார்ப்பதில் பலன் உண்டு. நாளையும் எண்ண வேண்டும். ஊசி போட்டு முதல் இரண்டு வாரத்துக்குள் உடம்பு முழுக்கக் கிளம்பினால், அது பெரும்பாலும் ஊசிக்கு முன்பே வெளியே தொற்றிய வருத்தம். கொப்புளிப்பான் தொற்றி வெளியே தெரிய பத்திலிருந்து இருபத்தொரு நாள் எடுக்கும் அல்லவா? வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு வந்ததும் ஓடிப்போய் ஊசி போடுவது நம்மவர்களின் வழக்கம். அப்போது உள்ளே இருப்பது வெளியே வருகிறது, பழி ஊசியில் விழுகிறது. ஆறு வாரத்துக்குப் பிறகு வருவதோ வெளியிலிருந்து தொற்றியதுதான். ஊசி போட்ட பிள்ளைக்கு அது இலேசாகவே இருக்கும், ஐம்பது கொப்புளத்தைத் தாண்டுவது குறைவு.

நம் அட்டவணையில் உள்ள எம்.எம்.ஆர். ஊசிக்கும் இதே விதி. அதிலும் உயிருள்ள சின்னமுத்து வைரஸ் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் செம்பொட்டும் சில பிள்ளைகளுக்கு வரலாம், தானாகவே போகும். கொப்புளிப்பான் என்றாலும், அதன் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் என்றாலும், பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய கோளாறு ஒன்று அதனால் வரலாம். இதைக் கடைக்காரரிடம் அல்ல, வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் சமூகத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்ற ஊசியில் பன்றியிலிருந்து பெறும் ஜெலற்றின் சேர்கிறது. ஐரோப்பிய நிறுவனம் ஒன்று தயாரிக்கும் 'வரில்றிக்ஸ்' ஊசியில் ஜெலற்றின் இல்லை. 1995இல் குவைத்தில் மருத்துவ விஞ்ஞானங்களுக்கான இஸ்லாமிய நிறுவனம் கூட்டிய கருத்தரங்கில், உலமாக்களும் மருத்துவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் கூடி, ஒரு பொருள் முற்றாக வேறு பொருளாக மாறிவிடும் 'இஸ்திஹாலா' என்ற அடிப்படையில் அப்படிப்பட்ட ஜெலற்றினைத் தூய்மையானதாகக் கருதலாம் என்று முடிவு கண்டார்கள். அதை ஏற்காத உலமாக்களும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இதைக் குசுகுசுத்துப் பேசத் தேவையில்லை. ஊசியின் பெயரைக் கேட்டு, பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசித்து, ஊர் ஆலிமிடமும் வைத்தியரிடமும் நேரே கேட்கலாம்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது. சிறுநீரக வருத்தத்துக்காகத் தொடர்ந்து ஸ்டீரொயிட் குளிசை எடுக்கிற பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தால் அது 'வந்து போகும்' வருத்தமல்ல, உயிருக்கே வினை. உயிருள்ள தடுப்பூசியையும் அந்த நிலையில் போட முடியாது. அதன் உம்மா ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் வகுப்பு வாசலில் வந்து நின்று, 'இந்த முற யாருக்கும் பொங்கலயே சேர்?' என்று கேட்பார். கொப்புளிப்பான் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாளைக்கு முன்பே தொற்றத் தொடங்கிவிடும் என்பதால் அந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் கிடையாது. போன வருசம் வகுப்பில் முதல் பிள்ளைக்குக் கண்டதும் அவருக்குத்தான் முதலில் கோல் எடுத்தேன். அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். பிறகு மூன்று கிழமை பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. தவணைப் பரீட்சையைத் தனியாக, அதிபரின் அறையில் இருந்து எழுதியது.